செல்லோவும் பியானோவும்: இளங்கலைஞர் கச்சேரியின் நிறையும் குறையும்

செல்லோவும் பியானோவும் மட்டுமே மேடையில் இருக்கும் ஒரு மணி நேரக் கச்சேரி, ஐரோப்பியச் செவ்வியல் இசையில் வளர்ந்துவரும் கலைஞர்கள் பலருக்கு முதல் வாசலாக அமைகிறது. பெரிய வாத்தியக் குழு வேண்டாம், நடத்துநர் வேண்டாம். நல்ல பியானோ ஒன்று இருக்கும் சிறு அரங்கோ தேவாலயமோ போதும். லண்டனில் இதற்கு நீண்ட மரபு உண்டு. போர்க்காலத்தில் நகரத்து அரங்குகள் அடைபட்டுக் கிடந்தபோது, பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபரில் தேசிய ஓவியக் கூடத்தில் நண்பகல் கச்சேரிகளைத் தொடங்கினார். கட்டணம் ஒரு ஷில்லிங். 1946 வரை நடந்த அக்கச்சேரிகள் மதிய உணவு வேளையில் இசை கேட்கும் பழக்கத்தை நகரத்தில் ஊன்றின. அருகிலுள்ள செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் தேவாலயத்தின் நண்பகல் மேடையில் இன்றும் இளையவர்கள் வாசிக்கிறார்கள். அடுத்த படி, 1901இல் திறக்கப்பட்ட விக்மோர் ஹால். ஏறத்தாழ 550 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கில்தான் 1961 மார்ச் 1 அன்று பதினாறு வயது ஜாக்குலின் டு ப்ரே தம் அரங்கேற்றத்தை நடத்தினார். அந்த மாலையைப் பற்றி எழுதாத செல்லோ வரலாறு அரிது. அன்று பியானோ வாசித்த எர்னஸ்ட் லஷ்ஷின் பெயரை நினைவில் வைத்திருப்பவர்களும் அரிது.

இந்த மறதி தற்செயலானதன்று. கச்சேரி முறையிலேயே ஊறியிருப்பது. மேடையில் ஒலிக்கும் படைப்புகளோ இதற்கு நேர் எதிரான வரலாற்றைக் கொண்டவை. பீத்தோவன் 1796இல் பெர்லினில் எழுதிய முதல் இரண்டு சொனாட்டாக்கள், தாமே செல்லோ வாசித்த பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்முக்குக் காணிக்கையாக்கப்பட்டவை. அவற்றில் முன்னணியில் நிற்பது பியானோதான். செல்லோவுக்குத் தவிர்க்க முடியாத துணை என்ற இடமே. 1808இல் முடிந்த ஏ மேஜர் சொனாட்டாவில் அந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிடுகிறது. செல்லோ தனியாக, மந்திர ஸ்தாயியில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துகிறது. பியானோ அதை வாங்கி முடிக்கிறது. பின்பு பியானோ அதே வாக்கியத்தைத் தொடங்க, முடிக்கும் பொறுப்பு செல்லோவுக்கு வருகிறது. பிராம்ஸ், ஷோபன், ரக்மானினோவ் எல்லோரும் இந்தச் சமநிலையின் வாரிசுகள். இவர்களது சொனாட்டாக்களில் பியானோவைப் பக்கவாத்தியம் என்று சொல்வது பிழை.

இந்தக் கச்சேரி வடிவத்தின் முதன்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. வேறெந்தப் பயிற்சியும் தராத ஒரு செவிப் பயிற்சியை இது தருகிறது. செல்லோக் கலைஞர் பியானோவின் வளைவுக்கு முன்னால், அவையை நோக்கி உட்காருகிறார். பியானோக் கலைஞருக்கு அவருடைய முதுகும் வில் பிடித்த கையும் தெரியும். செல்லோக் கலைஞருக்குத் தம் கூட்டாளி கண்ணில் படுவது அரிது. ஒரு வாக்கியம் எப்போது தொடங்கும், எவ்வளவு தாமதித்து இறங்கும் என்பதை மூச்சின் ஒலியாலும் தோள் அசைவாலும்தான் இருவரும் அறிய வேண்டும். வாத்தியக் குழுவில் நடத்துநரின் கோலைப் பார்த்துப் பழகிய இளையவர் இந்த மேடைக்கு வந்த சில மாதங்களிலேயே வேறு கலைஞராகிவிடுகிறார். சிறு அரங்கில் கேட்பவருக்கும் இதன் பயன் கிடைக்கிறது: வில் தந்தியைத் தொடும் நொடியின் உராய்வு வரை காதில் விழும்.

ஒலிச் சமநிலை இந்த மேடையின் கடினமான கணக்கு. செல்லோவின் தாழ்ந்த தந்திகள் ஒலிக்கும் அதே பரப்பில்தான் பியானோவின் இடக்கையும் உழல்கிறது. பீத்தோவன் எழுதியபோது பியானோவுக்கு மரச்சட்டம். ஒலி மெலிது, விரைவில் அடங்குவது. இன்றைய பெரும் பியானோவின் இரும்புச்சட்டம் தாங்கும் தந்தி இழுவிசை அதைவிடப் பன்மடங்கு. பிராம்ஸின் ஈ மைனர் சொனாட்டாவின் இறுதிப் பகுதியில் பியானோ அடர்த்தியாகப் பின்னிச் செல்லும்போது, அனுபவமுள்ள செல்லோக் கலைஞரின் தாழ்ந்த சுரங்களே மூழ்கிப்போகக்கூடும். எதிரொலி மிகுந்த கல் தேவாலயத்தில் நிலைமை இன்னும் மோசம். இளையவர்கள் கைக்கொள்ளும் எளிய வழி, பியானோவின் மேல்மூடியைச் சிறு தாங்கியில் பாதி திறந்து வைப்பது. இது ஒலியைக் குறைப்பதைவிட மங்கலாக்குவதே அதிகம். பியானோவின் தெளிவு போய்விடும், கனம் மட்டும் மிஞ்சும். மூடியை முழுதாகத் திறந்துவிட்டு, இடக்கையையும் மிதிகட்டையையும் கட்டுப்படுத்துவதே நல்ல வழி. ஆனால் அதற்கு அந்த அரங்கிலேயே ஒத்திகை வேண்டும். நண்பகல் கச்சேரிகளில் பெரும்பாலும் கிடைப்பது அன்று காலை ஒரு சிறு பொழுதுதான்.

ஒத்திகைக் குறைவு இந்த முறையின் உள்நோய். செல்லோவின் இசைத்தாளில் அதன் வரி மட்டுமே அச்சாகியிருக்கும். பியானோவின் தாளில் இரண்டும் இருக்கும். முழுத் தாளையும் படிக்காத செல்லோக் கலைஞர் உரையாடலின் ஒரு பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவராகவே மேடையேறுகிறார். பல மாதங்கள் தனியே பழகிவிட்டு, கடைசி வாரத்தில் பியானோவைச் சந்திக்கும் வழக்கத்தை இசைப்போட்டிகள் வளர்த்துவிட்டிருக்கின்றன. அங்கே பியானோக் கலைஞரைப் போட்டி நிர்வாகமே அளிப்பதுண்டு. பரிசு செல்லோவுக்கு மட்டும். அந்தப் பழக்கம் அப்படியே கச்சேரிக்கும் வருகிறது. ஒருவர் நினைவிலிருந்து கண்மூடி வாசிக்க, மற்றவர் தாளைப் பார்த்து வாசிக்கும் காட்சி அவைக்கு யார் நாயகர் என்று சொல்லிவிடுகிறது. புகழ்பெற்ற பியானோத் துணைக்கலைஞர் ஜெரால்ட் மூர் 1962இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு ‘என் ஒலி மிஞ்சுகிறதா?’ என்ற பொருளில் தலைப்பிட்டார். ஒரு தலைமுறைப் பியானோக் கலைஞர்கள் எந்தக் கேள்வியோடு மேடையேறினார்கள் என்பது அதில் தெரிகிறது.

மாற்று வழிகளும் உள்ளன. பிபிசி மூன்றாம் வானொலி 1999இல் தொடங்கிய புதிய தலைமுறைக் கலைஞர்கள் திட்டம், தேர்ந்தெடுத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்காலம் மேடையும் ஒலிப்பதிவும் தந்து, அவர்களை ஒருவரோடொருவர் சேர்ந்தும் வாசிக்க வைக்கிறது. 2016இல் பிபிசியின் இளம் இசைக்கலைஞர் விருதை வென்ற செல்லோக் கலைஞர் ஷேக்கு கன்னே மேசனும் அவருடைய அக்கா ஐசடாவும் இன்னொரு சான்று. ஐசடா தனிப் பியானோக் கலைஞராகவும் பெயர் பெற்றவர். 2021இல் இருவரும் பதிவுசெய்து வெளியிட்ட ரக்மானினோவ் சொனாட்டாவில் பியானோ பின்வாங்குவதில்லை. செல்லோவும் அதனோடு போட்டிபோட்டுக் கத்துவதில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த இருவருக்கு வாய்த்த நேரம் அது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. ஆனால் ஒரே இணை ஓராண்டாவது சேர்ந்து வாசித்தால் கிடைக்கக்கூடியதுதான்.

எஞ்சியது நிரலின் குறுகல். பிராம்ஸின் ஈ மைனர், ஷோஸ்டகோவிச் 1934இல் எழுதியது, வயலினுக்காகப் பிறந்து செல்லோவுக்குப் பெயர்க்கப்பட்ட செசார் ஃப்ராங்க்கின் சொனாட்டா ஆகியவை இளையவர்களின் நிரல்களில் ஓயாமல் திரும்பிவருகின்றன. இவற்றின் தகுதியில் ஐயமில்லை. தேர்வுக்கும் போட்டிக்கும் பழகியதையே மேடைக்கும் கொண்டுவருவதால், அவையோர் பழைய பெரும்பதிவுகளோடு ஒப்பிட்டுக்கொண்டே கேட்கிறார்கள்; இளையவருக்கு அந்த ஒப்பீட்டில் வெல்லும் வாய்ப்பு குறைவு. நாடியா பூலான்ஜேயின் 1914ஆம் ஆண்டு மூன்று சிறு படைப்புகளோ, ஹென்ரியெட்டே போஸ்மன்ஸின் 1919ஆம் ஆண்டு சொனாட்டாவோ இன்னும் அந்தச் சுமை ஏறாதவை. டெபுஸி 1915இல் எழுதிய சொனாட்டா ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம், பூலான்ஜேயின் மூன்றும் சேர்ந்து எட்டு நிமிடத்தை ஒட்டி, பிராம்ஸ் இருபத்தைந்து: ஒரு மணி நேரத்தில் மூவருக்கும் இடம் கொடுத்த பிறகும் மூச்சு விடவும், கைதட்டல் வாங்கவும், இன்னொரு சிறு படைப்பு வாசிக்கவும் நேரம் இருக்கிறது.