சிவனுக்குப் போட்ட தவறான வம்சாவளி

பாபநாசம் சிவன் பிறந்தது 1890 செப்டம்பர் 26, மறைந்தது 1973 அக்டோபர் 1. இரண்டு தேதிகளும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடுவதால் நினைவு விழா நடத்துகிறவர்களுக்கு வசதி. ஜயந்தியும் அஞ்சலியும் ஒரே மேடையில் முடிந்துவிடும். அந்த மேடையில் சொல்லப்படும் கதையும் வருஷா வருஷம் ஒன்றுதான். தஞ்சைச் சீமையின் போலகத்தில் பிறந்த ராமையா சிறு வயதில் தகப்பனாரை இழந்து தாயாருடன் திருவனந்தபுரம் போகிறார். அங்கே நீலகண்ட சிவனின் பஜனையில் கரைகிறார். தாயாரும் போனபின் கோயில் கோயிலாகத் திரிகிறார். விபூதிப் பட்டையோடு நின்றவரைப் பார்த்து ஊர் ஜனங்கள் சிவன் என்று கூப்பிடுகிறார்கள். கடைசியில் மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி பஜனை பாடி, தமிழ்த் தியாகய்யர் ஆகிறார். நடுவில் எங்கேயோ ஒரே ஒரு வாக்கியம் தலைகாட்டும்: குடும்ப பாரத்தால் கொஞ்ச காலம் சினிமாவுக்கும் எழுத நேர்ந்தது.

இந்த நினைவுகூரலால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிவனின் கீர்த்தனைகள் ஸ்வரக் குறிப்போடு அச்சில் கிடைக்கின்றன என்றால் அதற்கு அவர் மகள் ருக்மிணி ரமணி உள்ளிட்டோரின் உழைப்பு காரணம். மாடவீதி பஜனை மரபு அற்றுப்போகாமல் இருக்கிறது. துக்கடாப் பகுதியில் ஒதுங்கிக் கிடந்த தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் நடுவே கொண்டுவந்து உட்கார வைத்ததில், 1940களின் தமிழிசை இயக்கத்துக்கு அடுத்தபடியாக, சிவனின் உருப்படிகளுக்குப் பெரிய பங்குண்டு. மோகனத்துக் ‘கபாலி’யையும் காம்போதிக் ‘காணக் கண் கோடி’யையும் எடுக்க இன்று எந்தப் பாடகரும் தயங்குவதில்லை. இதெல்லாம் சரி.

சரியில்லாதது அந்த ஒற்றை வாக்கியம். அது ஒரு வாழ்க்கையின் பாதியைத் திரை போட்டு மூடுகிறது. 1934இல் ‘சீதா கல்யாணம்’ படத்துக்குப் பாட்டமைத்ததில் தொடங்கி, ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘சேவாசதனம்’, ‘திருநீலகண்டர்’, ‘அசோக் குமார்’, ‘சகுந்தலை’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ என்று பத்தாண்டுக் காலத் தமிழ்த் திரையின் பாட்டு மொழியே சிவன் கைவண்ணம். எம்.கே. தியாகராஜ பாகவதர் என்ற பெயரைச் சொன்னதும் காதில் ஒலிப்பவற்றில் பெரும்பாலானவை சிவன் எழுதியவை. எழுதிக் கொடுத்ததோடு அவர் நிற்கவும் இல்லை. கே. சுப்ரமண்யத்தின் ‘பக்த குசேலா’வில் குசேலராக வந்து பாடினார். 1939இல் கல்கியின் கதையான ‘தியாகபூமி’யில் சம்பு சாஸ்திரியாக நடித்தார். ஆங்கில அரசு தடை செய்த படம் அது. பத்து வருஷம் இப்படி வேலை செய்தவரைப் பற்றி, ஏதோ மழைக்கு ஒதுங்கியவரைச் சொல்வதுபோல ‘நேர்ந்தது’ என்கிறார்கள்.

இந்த மூடுதிரை எங்கிருந்து வந்தது? தியாகய்யர் என்ற ஒப்புமையிலிருந்துதான். தியாகராஜரைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதையின் உயிர்நிலை, அவர் அரசவைக்குப் போகவில்லை, பொன்னை மறுத்தார் என்பது. அந்த நாற்காலியில் சிவனை உட்கார வைக்க வேண்டுமானால் ஸ்டுடியோவில் சம்பளம் வாங்கிய சிவனைக் குளிப்பாட்டித்தான் உட்கார வைக்க வேண்டும். வறுமை என்ற காரணம் அந்தக் குளியலுக்கான தண்ணீர். வறுமை இருந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வறுமை ஒருவரை வேலைக்குத்தான் அனுப்பும். அந்த வேலையை இத்தனை நுட்பமாகச் செய்ய வைக்காது.

சிவனின் முன்னோர்களை வேறு இடத்தில் தேட வேண்டும். தமிழில் கீர்த்தனை வளர்ந்தது பெரும்பாலும் கதையின் மடியில். சீர்காழி அருணாசலக் கவிராயரின் ‘இராம நாடகம்’ நாடகம். அதில் ராமனும் சீதையும் அனுமனும் பாடுகிறார்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் ‘நந்தனார் சரித்திரம்’ கதாகாலட்சேபம். அதில் பண்ணையாளும் பாடுகிறான், வேதியரும் பாடுகிறார். இன்று கச்சேரியில் தனிக் கீர்த்தனைகளாகக் கேட்டுக் கண்கலங்குகிற பல உருப்படிகள் ஒரு பாத்திரத்தின் வாயில், ஒரு சந்தர்ப்பத்தில், சீட்டு வாங்கியோ வாங்காமலோ வந்து உட்கார்ந்த ஜனங்களுக்காக எழுதப்பட்டவை. கவிராயர் புரவலர்களிடம் பரிசு பெற்றார். அதற்காக அவரை யாரும் குளிப்பாட்டவில்லை. நந்தனார் சரித்திரத்தில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று சிறப்புப் பாயிரம் தரத் தயங்கிய மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாட்டைக் காதால் கேட்டபின் மனம் இளகிக் கொடுத்தார் என்பதும் தெரிந்த கதை. ஏன், தியாகராஜரே ‘பிரகலாத பக்தி விஜய’மும் ‘நௌகா சரித்திர’மும் எழுதியவர்தானே? அவரைப்போல ஆக வேண்டும் என்றால்கூட நாடகத்தை மறைக்க வேண்டியதில்லை.

இந்த வரிசையில் வைத்தால்தான் சிவனின் தொழில்நுட்பம் கண்ணுக்குத் தெரியும். பக்திக் கீர்த்தனையில் ‘நான்’ என்றால் எப்போதும் ஒரே ஆள், கைகூப்பி நிற்கிற பக்தன். படப் பாட்டில் அந்த ‘நான்’ ஒருநாள் தரித்திரக் குசேலன், மறுநாள் காதல் கொண்ட அம்பிகாபதி, இன்னொரு நாள் தாசி வீட்டில் கிடக்கிற ஹரிதாஸ். பெற்றோரைத் தெருவில் விட்டவன் வாயில் வைக்கிற பாட்டு எப்படி இருக்க வேண்டும்? அழகாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் ஏன் மயங்கினான் என்பது விளங்காது. அந்த அழகிலேயே அகங்காரமும் தெரிய வேண்டும். ‘மன்மத லீலையை’ அதைத்தான் செய்கிறது. சாருகேசி அதுவரை அதிகம் புழங்காத ராகம். தியாகராஜரின் ‘ஆட மோடி கலதே’ இருந்தும் பாமர ஜனங்கள் அறிந்ததில்லை. பாதி சிரிப்பும் பாதி ஏக்கமுமாக ஒலிக்கும் அந்த ராகத்தைக் காமக் களியாட்டத்துக்கு எடுத்தது தற்செயலாக நடந்ததில்லை. டி.ஆர். ராஜகுமாரி பறக்கும் முத்தம் விடுகிற அந்தக் காட்சியை இன்றைக்கும் பேசுகிறார்கள், பாட்டைக் கட்டியவரை மட்டும் விட்டுவிடுகிறார்கள். 1976இல் கே. பாலசந்தர் ஒரு படத்துக்குத் தலைப்பு வைக்க அந்த இரண்டு சொற்களே போதுமாக இருந்தன. முப்பது வருஷம் கழித்தும் ஜனங்களின் நாக்கில் அவை இருந்தன என்பதற்கு வேறென்ன சாட்சி?

அதே ‘ஹரிதாஸ்’ படத்தில் ‘கிருஷ்ணா முகுந்தா முராரே’வும் இருக்கிறது. விழா மேடைக்கு இந்தப் பாட்டு வேண்டும், அந்தப் பாட்டு வேண்டாம். இரண்டையும் பாடுகிறவன் ஒரே ஆள். முதல் பாட்டில் அவன் எவ்வளவு தூரம் போனான் என்பதைக் கேட்டவருக்குத்தான் இரண்டாவது பாட்டில் அவன் எவ்வளவு தூரம் திரும்பி வந்தான் என்பது புரியும். காமத்தை வெட்டிவிட்டுப் பக்தியை மட்டும் பாடும்போது சிவன் கட்டிய பாலத்தின் ஒரு கரையைத்தான் காட்டுகிறோம். 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட அந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்ப வந்த ஜனங்களுக்கு இந்த இரண்டு கரையும் தெரிந்திருந்தது. சபா அறிஞர்களுக்குத் தெரியவில்லை.

வடிவத்தையும் பார்க்க வேண்டும். அந்நாளைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் ஓடும். பல்லவி, அனுபல்லவி, சரணம், நடுவில் ஒரு பிருகா, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நிரவலுக்கு இடமில்லை, ஒரு சொல்லை இருபது தடவை திருப்பிச் சொல்லி அர்த்தம் ஏற்ற நேரமில்லை. முதல் தடவை கேட்கிறபோதே பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னணிப் பாட்டு வருவதற்கு முந்தைய முப்பதுகளில் நடிகர்கள் படப்பிடிப்பிலேயே, மைக்குக்கு முன்னால், நடித்துக்கொண்டே பாடினார்கள். மூச்சு எங்கே வாங்குவது, எந்த எழுத்தில் குரல் மேலே ஏறும், எந்த மெய்யெழுத்து தொண்டையை அடைக்கும் என்பது குசேலராக நின்று பாடிய சிவனுக்குத் தன் உடம்பிலேயே தெரியும். பாகவதரின் உச்ச ஸ்தாயிக்கு அவர் வைத்த சொற்களில் உயிரெழுத்து எப்படித் திறந்து கிடக்கிறது என்று கவனியுங்கள். சமஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணம் படித்தவரின் பாட்டு, டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் உட்கார்ந்தவருக்கும் சுலபமாகப் புரிந்தது இந்தப் பயிற்சியால்தான். பிற்காலக் கீர்த்தனைகளில் நாம் மெச்சுகிற எளிமை சினிமா போட்ட பிச்சை என்றே சொல்வேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சிவன் தம்மைப் பக்தராகவே கருதினார், ‘ராமதாசன்’ என்ற முத்திரையோடு பாடிய கீர்த்தனைகளையே தம் செல்வமாக மதித்தார், அவர் விரும்பியபடி நினைவுகூர்வதில் என்ன தவறு என்பார்கள். ஒரு கலைஞர் தம்மைப் பற்றி நினைத்துக்கொண்டது அவருடைய சரித்திரத்தில் ஒரு செய்தி. அது திறனாய்வின் தீர்ப்பாகிவிடாது. இன்னொரு மறுப்பு, படப் பாட்டுகளில் பல மெட்டுகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த கீர்த்தனைகளின், இசைத்தட்டுகளின் வர்ணமெட்டுகள் என்பது. இருக்கட்டும். அக்காலப் பாட்டுப் புத்தகங்களே அதை ஒளிக்காமல் அச்சிட்டன. பிறர் மெட்டுக்குத் தமிழ்ச் சொல் பொருத்துவதும் ஒரு கலை. காவடிச் சிந்து மெட்டிலும் தெம்மாங்கு மெட்டிலும் எழுதியவர்களை நாம் கவிகள் என்றுதான் அழைக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், சபாக்கள் சிவனின் சினிமாவை உண்மையில் ஒதுக்கவே இல்லை. பந்துவராளியில் ‘அம்பா மனம் கனிந்து’ பாடப்படுகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. அது 1943இல் வந்த ‘சிவகவி’ படப் பாட்டு என்று பெரும்பாலும் மேடையில் யாரும் சொல்வதில்லை. பாட்டு வேண்டும், பிறந்த வீடு வேண்டாம். இதைவிட மோசமான மறதி வேறு இல்லை. மறந்துபோவது மனித இயல்பு. இங்கே நடப்பது, தாலியை வாங்கிக்கொண்டு பிறந்தகத்தின் பெயரை அழிப்பது. அதுவும் எந்தப் படம்? சிவனைத் தவிர வேறு தெய்வத்தைப் பாட மாட்டேன் என்று சாதித்த பொய்யாமொழிப் புலவருக்கு முருகன் வந்து பாடம் புகட்டுகிற படம். தூய்மைவாதிகளைப் பற்றிய கதை.

இனிமேலாவது சிவன் கீர்த்தனைத் தொகுப்புகளில் ராகம், தாளத்துக்குப் பக்கத்தில் படத்தின் பெயர், ஆண்டு, பாடுகிற பாத்திரம், முதலில் பாடியவர் ஆகிய நான்கும் அச்சாக வேண்டும். செப்டம்பர் விழாவில் ஒரு மாலையாவது முழுக்கத் திரைப் பாட்டுகளுக்கு ஒதுக்க வேண்டும். துக்கடாவாக வேண்டாம், விளக்கத்தோடும் ராக ஆலாபனையோடும் பிரதானமாக. அவருக்குக் கிடைத்த சங்கீத கலாநிதியும் பத்மபூஷணும் இதனால் குறைந்துவிடப் போவதில்லை. தியாகராஜர் ஒருவர் நமக்குப் போதும், இன்னொருவர் தேவையில்லை. அருணாசலக் கவிராயருக்கும் கோபாலகிருஷ்ண பாரதிக்கும் பிறகு வந்த கதைப் பாட்டுக்காரர் தமிழில் ஒரே ஒருவர்தான், அவரைச் சினிமாவிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல பஜனைக் கவி ஒருவர் மட்டுமே. அப்படிப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை.