பஞ்சத்துக்குச் சூரியன் பொறுப்பா? ஹன்டரின் 1877 நூலும் நம் கரும்புள்ளிக் கணக்கும்

சூரியனில் கரும்புள்ளி குறைந்தால் மெட்ராஸில் மழை குறையும். மழை குறைந்தால் பஞ்சம் வரும். தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877இல் டபிள்யூ. டபிள்யூ. ஹன்டர் வெளியிட்ட சிறுநூலின் சாரம் இவ்வளவுதான். ‘தென்னிந்தியாவில் வறட்சி, பஞ்சம் ஆகியவற்றின் சுழற்சி’ என்பது தலைப்பு. ஹன்டர் சாதாரண ஆள் இல்லை, இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர். அதே ஆண்டு நவம்பரில் வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து இதே கருத்தை லண்டன் இதழொன்றில் எழுதினார்கள்.

150 வருஷம் ஆகப்போகிறது, இப்ப எதுக்கு இந்த நூல்? காரணம் இருக்கு. 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அப்போது சூரியன் தன் 25ஆம் சுழற்சியின் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட ரொம்ப நேரம் ஆகாது. சின்ன தொலைநோக்கி வைத்துச் சூரியனைப் பார்க்கிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும். ஹன்டர் எங்கே சறுக்கினார் என்று தெரிந்துகொண்டால் நாம் அங்கே சறுக்காமல் இருக்கலாம்.

முதலில் அவர் செய்ததை நியாயமாகச் சொல்லிவிடுவோம். 1813 முதல் 1876 வரை 64 ஆண்டுகளின் மெட்ராஸ் மழையளவை எடுத்தார். 11 ஆண்டுச் சுழற்சிப்படி அவற்றை அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் சராசரி போட்டார். கரும்புள்ளி குறைந்த வருஷங்களில் மழையும் குறைவு என்று வந்தது. இது உறுதியானால் பஞ்சத்தை முன்கூட்டியே கணித்துத் தயாராகலாம் என்பது அவர் எதிர்பார்ப்பு. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது.

குறை கணக்கில்தான். 64 ஆண்டுகளை 11 வரிசையாகப் பிரித்தால் ஒரு வரிசைக்கு ஆறு எண்கள்கூட முழுசாக வராது. மெட்ராஸ் மழையோ தாறுமாறாக ஏறி இறங்கக்கூடியது. சில வருஷம் 20 அங்குலத்துக்கும் கீழே, சில வருஷம் 80 அங்குலத்துக்கும் மேலே. சராசரி 50 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு 80 அங்குல வருஷம் ஆறு வருஷச் சராசரியை 5 அங்குலம் தூக்கிவிடும். அந்த வருஷம் எந்த வரிசையில் விழுகிறதோ அந்த வரிசை ‘மழை வருஷம்’ ஆகிவிடும். இதுல சூரியனுக்கு என்ன வேலை? போதாததற்கு, சூரியச் சுழற்சி கச்சிதமாக 11 ஆண்டு கிடையாது. ஒன்பது ஆண்டில் முடிந்ததும் உண்டு, பதின்மூன்றைத் தாண்டியதும் உண்டு.

இதை அப்போதே ஒருவர் பிடித்துவிட்டார். ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி, அதே 1877இல், லண்டன் ராயல் சொசைட்டியில். அவர் கேட்டது எளிய கேள்வி: ஹன்டரின் 11 ஆண்டு அட்டவணையை வைத்து ஒரு வருஷத்தின் மழையை ஊகித்தால் எவ்வளவு பிழை வரும்? அட்டவணையே இல்லாமல், மொத்தச் சராசரியை மட்டும் வைத்து ஊகித்தால் எவ்வளவு வரும்? இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று காட்டினார். பஞ்சாங்கம் பார்த்துப் போனாலும் பார்க்காமல் போனாலும் ஒரே பலன் என்றால், பஞ்சாங்கம் எதற்கு? இதே ஸ்ட்ரேச்சிதான் அடுத்த ஆண்டு அமைக்கப்பட்ட பஞ்ச விசாரணைக் குழுவுக்குத் தலைவரானார்.

பஞ்சாங்கத்தைச் சும்மா இழுக்கவில்லை. பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷம் சுற்றும் சக்கரம் நமக்கும் உண்டு. ஒவ்வொரு வருஷத்துக்கும் இன்ன பலன் என்று வெண்பாவும் உண்டு. அதை மூடநம்பிக்கை என்றும் ஹன்டருடையதை விஞ்ஞானம் என்றும் சட்டென்று பிரித்துவிடுவோம். ஆனால் இரண்டின் எலும்புக்கூடும் ஒன்றே: ஒரு சக்கரத்தை எடு, அதன் பற்களில் மழையை மாட்டு. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஹன்டர் எண்களை வெளியே வைத்தார், அதனால் ஸ்ட்ரேச்சியால் சோதிக்க முடிந்தது. விஞ்ஞானம் இருப்பது அந்த இடத்தில்தான், சூரியன் என்ற சொல்லில் இல்லை.

இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே சோதிக்க ஒரு வருஷம் வாய்த்தது. 1996 ஏப்ரலில் மறுபடியும் தாது வருஷம் பிறந்தது. அதே 1996இல்தான் கரும்புள்ளிச் சுழற்சியும் அடிமட்டத்துக்கு வந்தது. வெண்பாவை விடுங்க, பெயர் ராசிப்படி பார்த்தாலும் ஹன்டர் கணக்குப்படி பார்த்தாலும் சென்னை காய்ந்திருக்க வேண்டும். அந்த ஜூன் மாதம், பருவமே இல்லாத பருவத்தில், சென்னையில் கொட்டிய மழையை ஊரே இன்னும் பேசுகிறது. ஒரு வருஷத்தை வைத்து ஒரு கொள்கையை அடித்துவிட முடியாது என்பது உண்மைதான். அதே மாதிரி ஒரு 1876ஐ வைத்து நிறுவவும் முடியாது.

திருநெல்வேலிக்காரங்க கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்று. மெட்ராஸ் மழை எப்படித் தென்னிந்திய மழை ஆனது? சென்னைக்குப் பிழைப்பே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவம். தாமிரபரணி அப்படி இல்லை. பொதிகை மலையில் ஆனி, ஆடியில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் கார் சாகுபடி. ஐப்பசிக்குப் பிறகு வரும் தண்ணியில் பிசானம். இரண்டு பருவத்துத் தண்ணியையும் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் வாங்கி வயலுக்கு அனுப்புகின்றன. முதல் ஏழும் பிரிட்டிஷாருக்கு முந்தியவை. அதே மாவட்டத்தில் கிழக்கே தேரிக்காட்டிலும் வடக்கே கரிசல் பூமியிலும் கதையே வேறு. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே மூன்று விதமான மழைக் கணக்கு இருக்கும்போது, நுங்கம்பாக்கத்து மழைமானி ஒன்றை வைத்து முழுத் தெற்கின் பஞ்சத்தையும் எழுதியது பெரிய துணிச்சல்.

நூலின் ஆகப்பெரிய ஓட்டை வேறு. மழைக்கும் பஞ்சத்துக்கும் நடுவே மனிதர்கள் இருக்கிறார்கள். ஹன்டர் அந்த இடத்தை ஒரே தாவாகத் தாவிவிடுகிறார். 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு என்று குறைத்தார். அதாவது 450 கிராம் அரிசிக்கு ஒரு நாள் மண் வெட்டணும். மெட்ராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்துப் போராடினார். அந்தப் பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். சூரியனைக் கூண்டில் ஏற்றினால், கூலியைக் குறைத்தவர் சாட்சிகூட இல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஹன்டர் அப்படி நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய வாதம் அதற்கு வசதியாக இருந்தது என்கிறேன்.

இவ்வளவு பலவீனமான கருத்திலிருந்து நல்லதும் முளைத்தது. சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற அந்தக் கவலைதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வருவதற்கு ஒரு காரணம். 1899இல் தொடங்கி, 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள். 1909இல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அது எவர்ஷெட் விளைவு. மழைப் பக்கம் கில்பர்ட் வாக்கர் வந்தார். கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள ஒப்புறவை இந்தியா முழுக்கக் கணக்கிட்டு, உருப்படியாக எதுவும் தேறாததால் பசிபிக் பெருங்கடலின் காற்றழுத்த ஊசலுக்குப் போனார். நாம் இன்று எல் நினோ என்று பேசுவதில் பாதி அவர் போட்ட வழி. 1877இல் உலகெங்கும் மிக வலுவான எல் நினோ இருந்தது என்பதும் பின்னால் தெரியவந்தது. குற்றவாளி வானத்தில் இல்லை, கடலில் இருந்தான். கூட்டாளிகள் கோட்டையில் இருந்தார்கள்.

சூரிய ஒளியின் மொத்த அளவு ஒரு சுழற்சிக்குள் மாறுவது சுமார் 0.1 சதவீதம்தான். அதனால் தாக்கமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஊரின் ஒரு வருஷ மழையில் அதைத் தேடுவது, வைகாசிக் காற்றில் கொசு சிறகடிக்கும் சத்தத்தைக் கேட்பது மாதிரி. 2023ஐ மறுபடி எடுத்துக்கொள்ளுங்க. உச்சத்துக்குச் சற்று முன் வெள்ளம். 1992 நவம்பர் தாமிரபரணி வெள்ளம், 1989 உச்சத்துக்கு மூன்று வருஷம் கழித்து. 2008 நவம்பரில் நிஷா புயல் காவிரி டெல்டாவை மூழ்கடித்தபோது சூரியன் அடிமட்டத்தில் கிடந்தது. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட முடியாது. கட்டணும்னா ஒன்றை மறைக்கணும்.

அப்போ அமெச்சூர்கள் கரும்புள்ளி எண்ணுவது வீண்வேலையா? இல்லவே இல்லை. சுழற்சியையே கண்டுபிடித்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர்தான்: ஜெர்மனியின் ஹைன்ரிக் ஷ்வாபே, 1826இல் தொடங்கி 17 வருஷம் எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். இன்றும் பிரஸ்ஸல்ஸில் தொகுக்கப்படும் சர்வதேசக் கரும்புள்ளி எண்ணுக்குக் கணக்கு அனுப்புபவர்களில் அமெச்சூர்கள் ஏராளம். முறையும் எளிது. சிறு தொலைநோக்கியால் சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து வரையணும். கண்ணை வைத்து நேராகப் பார்க்கவே கூடாது; எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் பாதுகாப்பு இல்லை. தொகுதிகளை எண்ணிப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளைக் கூட்டணும். மூன்று தொகுதி, 12 புள்ளி என்றால் 42. மலை மறைவில் இருக்கும் நெல்லைச் சமவெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

நோட்டில் இரண்டு வரி மட்டும் கண்டிப்பாக வேண்டும். புள்ளியே இல்லாத நாளில் ‘0’ என்று எழுதணும். மேகம் மறைத்த நாளில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதணும். இரண்டும் ஒன்றில்லை. 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தை நம்மூரில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அது சுழற்சியின் அடிமட்ட மாதம். அப்படி வெறுமையான நாட்களை எழுதிவைக்காத நோட்டில் பின்னால் எந்தக் கதையையும் படிக்கலாம். மழைக் கணக்கு எழுதுகிறவர்கள் அதைத் தனி நோட்டில் எழுதுங்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு அறுபது வருஷம் பொறுக்கலாம். ஹன்டர் கையில் 64 வருஷம் இருந்தது, அதுவே போதவில்லை.