காடும் கடதாசியும்

நமது சிறுகதைகளில் காணியை இழந்தவன் எப்போதும் அழுகிறான். வரம்பில் குந்தி மண்ணை அள்ளி முகர்கிறான். வாப்பா நட்ட புளியமரத்தைக் கட்டிப்பிடிக்கிறான். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தக் காணி எந்தக் கடதாசியால், யாருடைய கையெழுத்தால் பறிபோனது என்பதைக் கதாசிரியர் சொல்வதில்லை. இடப்பெயர்வு பற்றிய நம்மவர் கதைகளைப் பல ஆண்டுகளாக விருப்போடு வாசித்து வருபவன் நான். அந்த உரிமையில் இந்தக் குறையைச் சொல்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய நாவலை எடுத்துக்கொள்வோம். லெனாட் வூல்ப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். இங்கிலாந்து திரும்பி 1913இல் அவர் வெளியிட்ட நாவல் சிங்களத்தில் 'பெத்தேகம' என்று அறியப்பட்டது. காட்டு நடுவே சேனை செய்து பிழைக்கும் ஒரு சிற்றூர் அழிந்துபோவதே கதை. வேட்டைக்காரன் சிலிந்துவுக்கும் அவன் மருமகன் பாபுனுக்கும் ஊர்த் தலைவன் பாபெஹாமியோடு பகை மூள்கிறது. தலைவன் கத்தி தூக்கவில்லை. சேனை வெட்டும் அனுமதி தன் கையால் போகவேண்டும் என்பதே அவனது ஆயுதம். அனுமதி இல்லையேல் சேனை இல்லை. சேனை இல்லையேல் சோறு இல்லை. பிறகு கடன் வருகிறது, பொய் வழக்கு வருகிறது. தங்களுக்கு விளங்காத மொழியில் நடக்கும் விசாரணை முன் அந்த ஏழைகள் வாய்பொத்தி நிற்கிறார்கள்.

ஆள வந்தவன் எழுதியதை நமக்குப் பாடமாகக் காட்டலாமா என்று சிலர் கோபிக்கக்கூடும். அனுமதிப்பத்திரம் வழங்கும் நாற்காலியில் இருந்தவர் என்பதாலேயே அது ஒரு குடும்பத்தை எப்படித் தின்னும் என்பது வூல்புக்குத் தெரிந்திருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, சேனை நிலங்களையெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றே கொண்டது. பாட்டன் வெட்டிய சேனைக்குப் பேரன் அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது இப்படித்தான். இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. பாபெஹாமி வெளியூரான் அல்லன். பாபுனின் சகோதரியை மணந்தவன், மச்சான்.

நான் முசலிப் பிரதேசத்தில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, ஆசிரியர் கலாசாலை முடித்து, யுத்தத்தின் பின் ஊரிலேயே படிப்பிக்க வந்தேன். பெத்தேகமவின் முடிவில் காடு வந்து ஊரை மூடுகிறது. எங்கள் ஊரையும் காடு மூடியது. ஆனால் எங்கள் கதை அங்கே முடியவில்லை. 2012 ஒக்டோபரில் வந்த வர்த்தமானி மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, விலத்திக்குளம் பக்கங்களை ஒதுக்கக் காடுகளாக்கியது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற் காடு அறிவிக்கப்பட்டது. ஆளில்லாததால் வளர்ந்த காடு அது. ஏன் ஆளில்லை என்று வர்த்தமானி கேட்காது, கதை கேட்கலாம்.

தனியார் காணிகளுக்கு வேறொரு கணக்கு. பிறர் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி எதிராட்சி செய்தவன் சட்டப்படி உரிமை கோரலாம். 1999இல் ஒருவர் புத்தளத்து முகாமில் இருந்து விரல்விட்டு எண்ணுகிறார்: இன்னும் ஒரு வருடம். ஊருக்குப் போகவும் வழியில்லை, வழக்குப் போடவும் வழியில்லை. இந்த அநீதியை நேர்செய்யும் சட்டம் 2016இல்தான் வந்தது. அந்த எண்ணும் விரல்கள் நமது எந்தக் கதையிலாவது வந்திருக்கின்றனவா? நான் கண்டதில்லை.

சட்டத்தை எழுதுவது இலக்கியமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஊராருக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுப்பவன் என்பதால் இரண்டுக்குமுள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். பெட்டிசத்தில் நாம் வெள்ளையாகவும் எதிராளி கறுப்பாகவும் இருக்கவேண்டும். கதைக்கு அந்தச் சலுகை இல்லை. கல்லாற்றுக் காட்டில் மரங்களை அழித்தது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் முசலிக் கதையின் ஒரு பகுதிதான். மீள்குடியேறியபோது கைம்பெண்ணின் துண்டுக் காணியைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட நம்மூர்ப் பாபெஹாமிகளும் அதன் பகுதிதான். பறித்தவன் நம்மவன் என்றால் நமது பேனாவில் மை வற்றிவிடுகிறது.

எனது பேனாவும் விதிவிலக்கல்ல. வாப்பாவின் காணிக்கு உறுதி இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பெமிற் மட்டுமே உண்டு. வெளியேறிய அன்று உம்மா அதைக் குர்ஆனுக்குள் மடித்துவைத்துக் கொண்டுவந்தார். அந்தச் சட்டப்படி ஒருவரே பின்னுரித்தாளர். பெயர் குறிக்கப்படாவிட்டால் மகளுக்கு முன் மகன். மார்க்கம் மகளுக்கு வகுத்த பங்குக்கும் அதில் இடமில்லை. ஆணுக்கிருந்த அந்த முன்னுரிமை 2022இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே காணி என் பெயருக்கு வந்துவிட்டது. நான் கலாசாலையில் இருந்த காலமெல்லாம் சவூதியில் பிறர் வீட்டுப் பாத்திரம் கழுவிக் காசு அனுப்பியவர் என் ராத்தா. அவர் இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை.

இதைக் கதையாக்க மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் இரண்டாம் பக்கத்தில் புளியமரம் வந்துவிட்டது. ராத்தாவின் பெயரில்லாத அந்தக் கடதாசி வரவில்லை. ஆகவே இந்த விமர்சனம் முதலில் எனக்குரியது. நம்மில் யாராவது அந்தக் கடதாசியை விரித்துவைத்து எழுதினால், அந்தக் கதையை வாசிக்கக் காத்திருக்கிறேன்.