சாம்பலும் ஒரு வாசிப்பும்

'அறிவியலும் ஒரு கதையாடல்தான்' என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அதிகாரத்தோடு மல்லுக்கட்ட அந்த வாக்கியம் உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதோட நின்னுட முடியுமா? கேபிஎஸ் எனப்படும் எரிமலைச் சாம்பல் அடுக்கைப் பற்றிய சண்டையை முன்வைத்து இதைப் பேச வேண்டியிருக்கிறது.

வடக்குக் கென்யா, துர்க்கானா ஏரியின் கிழக்குக் கரை, கூபி ஃபோரா. ரிச்சர்ட் லீக்கியின் குழுவிலிருந்த பெர்னார்ட் ங்கெனேயோ என்ற கென்யர் 1972இல் அங்கே மண்டையோட்டுச் சில்லுகளைக் கண்டார். 150க்கும் மேற்பட்ட சில்லுகளை ஒட்டி '1470' என்று எண் கொடுத்தார்கள். அத்தனை பழைய எலும்பிடம் வயசு கேட்க முடியாது. மேலே படிந்த சாம்பலைத்தான் கேட்க வேண்டும். எரிமலையின் சூட்டில் பழைய ஆர்கான் வெளியேறிவிடுகிறது. சாம்பலின் படிகங்களில் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. பொட்டாசியம்-40 சிதையச் சிதைய ஆர்கான்-40 சேர்கிறது. பொட்டாசியம் பாதியாக 125 கோடி ஆண்டு ஆகும். சேர்ந்ததை அளந்தால் எரிமலை வெடித்த காலம் கிடைக்கும்.

ஃபிட்ச், மில்லர் இருவரும் அளந்த முதல் மாதிரி 20 கோடி ஆண்டுக்கும் மேல் என்றது. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இது புதுசில்லை: இடைச்செருகல். நீர் அடித்துவந்த சாம்பலில் பழம்பாறைத் துணுக்குகள் கலந்திருந்தன. வேறு மாதிரியை அளந்து 1970இல் 26.1 லட்சம் என்றார்கள். 1470 அந்த அடுக்குக்குக் கீழே கிடைத்தது. எனவே அதற்கு 29 லட்சம் வயது என்று 1973இல் லீக்கி அறிவித்தார். பெரிய மூளை, பெரிய வயசு. ஆதித் தகப்பனைக் கண்டவர் யார் என்ற போட்டிக்கு ரொம்பத் தோதான எண்.

மறுத்துப் பேசியவை பன்றிகள். இந்தச் சாம்பலுக்குக் கீழே கிடைத்த பன்றிப் பற்கள், எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் சுமார் 20 லட்சம் ஆண்டு அடுக்குகளில் கிடைத்த பற்களை ஒத்திருந்தன. பாசில் குக் இதை எடுத்துக்காட்டினார். 1975இல் கார்னிஸ் கர்டிஸின் பெர்க்லி குழுவும் குறைந்த வயதையே சொன்னது. சண்டை நீண்டது. கடைசியில் 1980, 1981இல் இயன் மக்டூகல் அளந்து சொன்ன சுமார் 18.8 லட்சம் நிலைத்தது. 1470இன் வயதும் சுமார் 20 லட்சத்துக்கு இறங்கியது.

ஆக, வயது ஒரு வாசிப்பு. ஒத்துக்கொள்கிறேன். மாதிரியைப் பொறுக்குகிற கைக்கும் ஆசை உண்டு. ஆனால் இந்தப் பிரதி வாசிக்கிறவனை எதிர்த்துப் பேசுகிறது. 'நீ சொல்றது தப்பு' என்று ஒரு பன்றிப்பல் புகழ்பெற்ற பெயர்களைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. அது நம் பக்கத்து ஆயுதம். எல்லாமே கதை என்றால் அதை நாமே கீழே போட்டுவிடுகிறோம். அப்புறம் குரல் பெருத்தவன் கதைதான் ஜெயிக்கும்.

நண்பர்களின் வாக்கியத்துக்கு வேலை வேறிடத்தில் இருக்கிறது. அந்த ஏரிக்கு 1888இல் வந்த ஐரோப்பியப் பயணி ஆஸ்திரிய இளவரசர் ருடால்ஃபின் பெயரை வைத்தார். 1975இல் அது துர்க்கானா ஆயிற்று. ஆனால் 1986இல் இதே மண்டையோட்டை வைத்து உருவான இனப்பெயர் 'ருடால்ஃபென்சிஸ்'. குனிந்து எடுத்தவர் ங்கெனேயோ, பெயர் இளவரசருக்கு. எண்ணைத் திருத்த ஆர்கான் இருந்தது. பெயரைத் திருத்த எந்தப் படிகமும் வராது, நாம்தான் பேசியாக வேண்டும்.