தெறிக்கும் ஒலி, கசியும் ஒலி

குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் ஃபலக், நாஸ். 113-ஆவதும் 114-ஆவதும். இரண்டையும் சேர்த்து முஅவ்விததைன் என்பார்கள்; பாதுகாவல் தேடும் இரட்டை என்று பொருள் கொள்ளலாம். 5 வசனங்கள், 6 வசனங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஓதி முடித்துவிடலாம். நூலின் முடிவில் இருந்தாலும், மதரஸாவில் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது இவற்றைத்தான். அதனாலேயே எத்தனையோ பேர் இவற்றை வாழ்நாள் முழுக்க ஓதியும், காதுகொடுத்துக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

ஃபலக்கின் வசன முடிவுகளை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஃபலக், கலக், வகப், உகத், ஹஸத். காஃப், காஃப், பே, தால், தால். குர்ஆனைத் திருத்தமாக ஓதும் தஜ்வீத் கலையில் இவை கல்கலா எழுத்துகள். ஓசையை அடைத்து நிறுத்தும்போது அடைப்பு சட்டென விடுபட்டு, சின்னதாக ஒரு தெறிப்பு கேட்கும். ஐந்து வசனமும் அப்படியே முடிகின்றன. கதவைத் தட்டுவதுபோல.

தமிழ் நாவுக்கு இந்த இடம் கொஞ்சம் சிக்கல். வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது நம் வழக்கமில்லை. ஒரு குற்றியலுகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் ‘ஃபலக்கு’ என்பார்கள். கல்கலா அந்த உகரம் அல்ல, உயிரே அல்ல. குற்றியலுகரத்தின் அரை மாத்திரை அளவுகூட அதற்குக் கிடையாது. ஓதக் கற்றுத்தரும் உஸ்தாத் அதற்காகத்தான் அந்த ஒரு சொல்லில் திரும்பத் திரும்ப நிறுத்தி வைப்பார். குர்ஆன் ஓதுவதில் தேர்ந்த எகிப்தின் காரீ மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ (1917–1980) ஓதியதைக் கேட்டால் அந்தத் தெறிப்பின் அளவு விளங்கும். 1961-இல் முழுக் குர்ஆனையும் நிதான நடையில் ஒலிப்பதிவாகத் தந்தவர் அவர். கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

நாஸுக்கு வந்தால் காற்றே மாறிவிடுகிறது. 6 வசனங்களும் ‘ஸ்’ என்றே முடிகின்றன. ‘நாஸ்’, மனிதர்கள், என்ற சொல் மட்டும் ஐந்து முறை. இங்கே தட்டலில்லை, உரசல்தான். அடைப்பில்லை, மூச்சு நிற்காமல் கசிகிறது. காவல் தேடப்படுவது எதிலிருந்து என்று பார்த்தால் காரணம் புரிகிறது. வஸ்வாஸ்: நெஞ்சுக்குள் கிசுகிசுப்பவன். அந்தப் பெயரே ஒரு கிசுகிசுப்பு. எந்த ஒலியால் கெடுக்கிறானோ, அதே ஒலியை வாயில் வைத்துக்கொண்டே அவனிடமிருந்து காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறோம். எனக்கு இதைவிட நுட்பமான ஒலியமைப்பு வேறெங்கும் பட்டதில்லை.

பொருளின் எடையும் அப்படித்தான் பகிரப்பட்டிருக்கிறது. ஃபலக்கில் அழைப்பது இறைவனின் ஒரே பெயரை: விடியலின் அதிபதி. ஃபலக் என்பதன் வேரில் ‘பிளத்தல்’ இருக்கிறது, இருட்டு பிளந்து வெளிச்சம் வருவது. அந்த ஒரு பெயர் நான்கு தீங்குகளுக்கு எதிராக நிற்கிறது: படைப்புகளின் தீங்கு, கவியும் இரவின் தீங்கு, முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கு, பொறாமைக்காரனின் தீங்கு. நாஸில் கணக்கு தலைகீழ். மனிதர்களின் அதிபதி, அரசன், இறைவன் என்று மூன்று பெயர்கள்; எதிரே ஒரே ஒரு தீங்கு. வெளியிலிருந்து வரும் நான்குக்கு ஒரு பெயர் போதுமாக இருக்க, உள்ளே முளைக்கும் ஒன்றுக்கு மூன்று வேண்டியிருக்கிறது. உரையாசிரியர்கள் நெடுங்காலமாகச் சுட்டும் இடம்தான் இது. ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்திவிடுகிறது.

இன்னொன்று, அந்த ஊதுதல். ஃபலக்கில் தீயவர்கள் முடிச்சில் ஊதுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் உறங்கப்போகும்முன் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து, இக்லாஸ் அத்தியாயத்தோடு இவ்விரண்டையும் ஓதி, ஊதி, தலையிலும் முகத்திலும் தொடங்கி எட்டுமட்டும் உடம்பில் தடவிக்கொள்வார்கள், மூன்று முறை, என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அதே மூச்சு. அங்கே கட்டுகிறது, இங்கே காக்கிறது.

மஃரிப் என்னும் அந்தித் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் குழந்தையோடு காத்திருக்கும் தாய்மார்களை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள்; எல்லாச் சமயத்தாரும் வருவார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர் குனிந்து, உதடு அசைவது மட்டும் தெரிய, ஓதுகிறார். கடைசி ‘நாஸ்’ஸின் ஸகரம் அடங்குவதற்குள்ளேயே அந்த மூச்சு ஊதலாகி, குழந்தையின் நெற்றி முடியை லேசாகக் கலைக்கிறது.