எண்பிப்பைக் கேட்டவர் யார்?
ரசல் – கொப்பிள்ஸ்டன் வாதம் பற்றிய ஓர் ஆய்வு

கிறிஸ்தவருக்கும் நாத்திகருக்கும் இடையே நிகழும் வாதங்களைப் பற்றிப் பேசுவோர் வழக்கினை மிக எளிதிற் பிரித்துவிடுவர். ஒருபால் விசுவாசம், மறுபால் எண்பிப்பு என்பது அவர் கொண்ட பகுப்பு. கிறிஸ்தவர் கேளாது நம்புபவர். நாத்திகர் கேட்ட பின்னரும் நம்பத் தயங்குபவர் என்றுங் கூறுவர். இப்பகுப்புக் கேட்பதற்கு இனிதாயினும், நிகழ்ந்த வாதங்களின் ஏடுகளைப் புரட்டிப் பார்க்குமிடத்து நிலைபெறுவதில்லை. இதனைத் துணிதற்கு 1948ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி பி. பி. சி. வானொலியில் ஒலிபரப்பான வாதம் ஒன்றே போதுமானது. பேர்ட்ரன்ட் ரசலும் யேசு சபைத் துறவியாகிய பிரெடெரிக் கொப்பிள்ஸ்டனும் கடவுளின் உண்மை குறித்து அன்று உரையாடினர். அவ்வுரையாடல், ரசலின் சமய விமரிசனக் கட்டுரைகளைத் தொகுத்து 1957இல் இங்கிலாந்தில் வெளியிடப்பெற்ற நூலிற் சேர்க்கப்பட்டமையால், இன்றும் மாணவர் கைக்கு எட்டும் நிலையில் உள்ளது.

ரசலுக்கு அப்போது வயது 75. கணிதத்தின் அடிப்படைகளை அளவைநூலின்மேல் நிறுவ முயன்ற பேரறிஞர் அவர். 1927 மார்ச் 6ஆந் திகதி இலண்டன் பற்றர்சி நகர மண்டபத்தில், தாம் கிறிஸ்தவராகாமைக்குக் காரணங் கூறி ஆற்றிய சொற்பொழிவினால் சமய எதிர்ப்பாளருள் முதல்வராகவும் எண்ணப்பட்டவர். கொப்பிள்ஸ்டனுக்கு வயது 40. மேல்நாட்டு மெய்யியலின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதத் தொடங்கி, முதற்றொகுதியை 1946இல் வெளியிட்டிருந்தார். இலங்கையர் அறிந்து வியத்தற்குரிய செய்தியொன்றும் உண்டு. 1875 முதல் 1902 வரை கொழும்பு அங்கிலிக்கன் மேற்றிராணியாராயிருந்து, பௌத்த சமயம் பற்றி நூலியற்றிய ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன் இவருடைய பெரிய தந்தையார் முறையினர். அத்தகைய அங்கிலிக்கன் குடும்பத்திற் பிறந்தவர் தமது 18ஆம் வயதிற் கத்தோலிக்கரானார். ரசலோ தமது 18ஆம் வயதில், மில்லின் சுயசரிதையை வாசித்து, முதற்காரணம் பற்றிய வாதத்தைக் கைவிட்டதாகக் கூறுகிறார். 'உலகைப் படைத்தவர் கடவுளாயின், கடவுளைப் படைத்தவர் யார்?' என்னும் வினா அவரை மாற்றிற்று. ஒரே வயதில் ஒருவர் உள்ளே சென்றார். மற்றவர் வெளியே வந்தார்.

இவ்வாதத்தில் முதற்கண் நோக்கற்பாலது, எண்பித்தற் பொறுப்பை ஏற்றவர் எவர் என்பதே. துறவியே அதனை ஏற்றார். உலகின் வேறாய், உலகைப் படைத்ததாய், அறிவும் இச்சையும் உடைய பரம்பொருள் ஒன்று உண்டெனக் கடவுளுக்கு இலக்கணம் வகுத்து, ரசலின் உடன்பாட்டையும் பெற்று, அத்தகைய பொருள் உளதென்பது மெய்யியல் முறையால் நாட்டப்படக் கூடியதென மொழிந்தார். ரசல், கடவுள் இல்லை என்று நாட்ட முன்வரவில்லை. தாம் நாத்திகரல்லர், அறியொணாவாதியே எனத் தம் நிலையை வரையறுத்துக்கொண்டார். கத்தோலிக்கர் ஒருவர் எண்பிப்பைக் கைக்கொண்டமை தற்செயலன்று. மனிதனின் இயற்கையறிவின் ஒளியாற் கடவுளை உறுதியாக அறியலாம் என்பதனை 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் கோட்பாடாகவே விதித்தது. நியாயத்தால் அறியலாம் என்பதே விசுவாசத்தின் பொருளாய் அமைந்த இந்நிலையினை நன்கு உணராதோரே 'விசுவாசமா, எண்பிப்பா' என இரண்டாய் வெட்டிப் பேசுவர்.

கொப்பிள்ஸ்டன் எடுத்துக்கொண்டது லைப்னிற்ஸின் வழி வந்த அனுமானம். உலகத்துப் பொருள்கள் யாவும் தம் உண்மைக்குப் பிறவற்றைச் சார்ந்து நிற்பன. மகன் தந்தையையும், மரம் விதையையும் மண்ணையும், அவை வேறு பலவற்றையும் சார்ந்தன. உலகம் என்பது இத்தகைய பொருள்களின் தொகுதியேயன்றி அவற்றின் வேறன்று. ஆகவே அத்தொகுதி ஏன் உளது என்பதற்குரிய விளக்கம் அதனுள்ளே கிடையாது. தன்னுண்மைக்குத் தானே காரணமாகிய ஒரு பொருளை நாடல் வேண்டும். குடத்தைக் கண்டு குயவனைத் துணியும் அனுமானத்தைக் கற்றோர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. குயவன் வினை செய்பவன். கொப்பிள்ஸ்டன் நாடியது அவ்வினைத் தொடரின் முதற்கண்ணியையன்று, தொடர் முழுவதையுந் தாங்கும் ஆதாரத்தையே. மில்லின் வினா இவ்வாதத்தைத் தீண்டாமைக்கு இதுவே காரணம்.

ரசல் இருமுனையால் இதனைத் தாக்கினார். 'இன்றியமையாதது' என்னுஞ் சொல், மறுத்தால் தன்னொடு தான் முரணும் வாக்கியங்களுக்கே பொருந்தும். பொருளுக்குப் பொருந்தாது என்பது ஒன்று. தனித்தனிப் பொருள்களுக்குக் காரணம் உண்டென்பதனால் தொகுதிக்கும் காரணம் உண்டென்று துணிதல் பொருந்தாது என்பது மற்றையது. மனிதர் ஒவ்வொருவருக்கும் தாய் உண்டு என்பதனால் மனித குலத்திற்கு ஒரு தாய் உண்டென்று கூறலாமோ என வினவினார். உவமை கூரியது, கேட்டோர் நகைத்திருப்பர். ஆயினும் அது கொப்பிள்ஸ்டன்மேற் படவில்லை. குலத்திற்கு இன்னொரு தாயை அவர் கேட்கவில்லை. தாயும் மகவுமாக நீளும் இத்தொடர் ஏன் உளது என்றே கேட்டார். அதற்கு ரசல் அளித்த மறுமொழி, உலகம் உளது, அவ்வளவே, என்பதாம். அதற்கு மேல் அவர் செல்ல மறுத்தார்.

சதுரங்கப் பலகையின் முன் அமரவே மறுப்பவனைத் தோற்கடித்தல் இயலாது என்னுங் கருத்துப்படக் கொப்பிள்ஸ்டன் ஓரிடத்தில் கூறினார். வாதம் முழுவதிலும் மிகக் கூரிய வாக்கு இதுவே. ஆயின் இது பாதி உண்மையே எனல் வேண்டும். வினாவை மறுப்பது எப்போதும் கோழைத்தனமன்று. வடதுருவத்திற்கு வடக்கே யாதுளது என வினவுவானுக்கு விடை கூறாதவன் அறியாதவனல்லன்; வினாவே பிழையென்று காட்டுபவன் அவன். உலகம் ஏன் உளது என்பதும் அத்தகைய பிழைவினாவாயின் ரசல் வென்றவராவர். ஆனால் அது பிழைவினா என்பதனை அவர் காட்டினாரல்லர், சொன்னார், அவ்வளவே. அணுவினுள் நிகழும் சில மாற்றங்களுக்குக் காரணங் காணப்படவில்லை என்று அக்காலப் பௌதிக நூலைத் துணைக்கழைத்தார். காரணந் தேடுவோன் எங்குங் காண்பான் என்பதற்கு உறுதியில்லை என்ற அளவே அதனாற் பெறப்படும். தேடவே கூடாதென்பது பெறப்படாது. மறுபுறம், யாவற்றிற்கும் போதிய விளக்கம் இருந்தே தீரும் என்பதனைக் கொப்பிள்ஸ்டனும் எண்பித்தாரல்லர். அதனைக் கொண்டே அவர் தொடங்கினார். ஆக, எண்பிப்பை முன்வைத்தவர் எண்பிக்காத ஒன்றின்மேல் நின்றார். எண்பிப்பில்லாது எதனையும் ஏலாதவர் எண்பிக்காத ஒரு மறுப்பின்மேல் நின்றார்.

ஒழுக்கம் பற்றிய பகுதி இதனினும் கனமானது. நன்மை தீமைகளை எவ்வாறு பிரித்தறிகிறீர் என்று துறவி கேட்க, நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறிவது போலவே என்றார் ரசல். நிறங்களைக் கண்ணாற் காண்கிறீர், நன்மையை எதனால்? உணர்ச்சியால் என்பது விடை. உடனே கொப்பிள்ஸ்டன் பெல்சன் சிறைமுகாமின் தலைவனைச் சுட்டினார். பிரித்தானியப் படை அம்முகாமினுட் புகுந்தது 1945 ஏப்பிரிலில், மூன்றாண்டுகூட நிரம்பவில்லை. அங்கே குவிந்துகிடந்த பிணங்களின் படங்களைப் பத்திரிகைகளிற் கண்ட மக்களே வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தனர். அச்செயலைத் தீதென உணர்பவரும் உளர், நன்றென உணர்ந்தவரும் உளர். இவருள் பிழைத்தவர் எவரென உணர்ச்சி எங்ஙனம் தீர்க்கும்? காமாலைக் கண்ணனுக்கு மஞ்சளல்லாதவையும் மஞ்சளாய்த் தோன்றுவது போல அவரும் பிழைபடலாம் என்றார் ரசல். பிழைபடுதல் என்று ஒன்று உண்டாயின் உணர்ச்சிக்கு அப்பாலும் ஓர் அளவுகோல் உண்டென்பது பெறப்படுமன்றோ? இவ்விடத்தில் ரசலின் கால் தளர்ந்தது வெளிப்படை. தம் வாழ்நாளிற் போருக்கெதிராகச் சிறைசென்ற ஒருவர், கொடுமையைக் கொடுமையென்று நிறுவுதற்கு உணர்ச்சிக்கு மேல் ஒன்றுங் காட்ட இயலாது நின்றமை, படிப்போர் மனத்தை வருத்துவதாகும்.

எனினும் கொப்பிள்ஸ்டன் ஈட்டியதும் சிறிதே. உணர்ச்சி போதாது என்பதிலிருந்து கடவுள் உண்டு என்பதற்குச் செல்லும் பாலத்தை அவர் கட்டவில்லை. கடமையுணர்வு தாய், செவிலி முதலியோர் ஊட்டிய பாடத்தால் வந்ததென ரசல் கூறியபோது, அதனை நன்கு மறுத்தாருமல்லர். நன்மை கடவுளின் ஆணையாலே நன்மையாயிற்றெனின், கடவுள் நல்லவர் என்பதற்குப் பொருளேயில்லை என்று ரசல் 1927இற் கூறிய தடை அங்ஙனமே கிடக்கிறது.

சான்று பற்றிய இவ்வழக்கு அவ்விருவர் காலத்திற்கு முந்தியது. கணித அறிஞர் கிளிபோட், 1877இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பழுதான கப்பலைப் பழுதற்றதென மனமார நம்பி, குடிபெயர்வோரை ஏற்றிக் கடலில் அனுப்பிய உரிமையாளன் ஒருவனைக் கற்பித்தார். கப்பல் மூழ்காது தப்பினும் அவன் குற்றவாளியே; நம்புதற்கு அவனுக்கு உரிமையில்லை என்பது அவர் தீர்ப்பு. 1896இல் வில்லியம் ஜேம்ஸ் இதனை எதிர்த்தார். தெரிவு உயிருள்ளதாய், தள்ளிப்போட இயலாததாய், பெரும்பயன் தருவதாய் இருந்து, அறிவினால் தீர்க்கவும் இயலாததாயின், நம்பத் துணிதல் நெறியே என்றார். ரசல் ஜேம்ஸை ஏளனஞ் செய்தவர், கிளிபோட்டின் பக்கத்தவர். ஆயின் போதிய சான்றின்றி எதனையும் நம்பலாகாது என்னும் விதிக்குப் போதிய சான்று யாது? கப்பற்கதை நெஞ்சைத் தொடுகிறது. தொடுவதற்குக் காரணம் பிறர் உயிர்மேல் நமக்குள்ள அக்கறையே. அவ்வக்கறை சான்றினால் வந்ததன்று.

வாதத்தின் நடையைப் பற்றியும் ஒரு சொல். அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்தில் உலகாயதனையே முதலில் நிறுத்தி, அவன் கொள்கையை அவன் வாய்மொழியாகவே விரித்த பின்னரன்றோ மறுத்தார். அத்தகைய நேர்மை இவ்வானொலி வாதத்திலும் காணப்படுகின்றது. ஒருவர் கூறியதை மற்றவர் திருப்பிக் கூறி, 'இதுதானே உம் கருத்து' என உறுதிசெய்துகொண்டே செல்கின்றார். இக்கால மேடைகளில் இது அரிது.

அந்நேர்மைக்கு இன்னுமொரு சான்று ஐந்து நாள் கழித்துக் கிடைத்தது. 1948 பெப்ரவரி 2ஆந் திகதி ஒக்ஸ்போட் சோக்கிரற்றீசுக் கழகத்தில், கிறிஸ்தவ சார்பாளர்களுள் பெரும்புகழ் பெற்ற சி. எஸ். லூயிஸ் தம் நூலொன்றில் நிறுவிய வாதத்தை, எலிசபெத் அன்ஸ்கம் என்னும் இளம் ஆசிரியை ஆராய்ந்து பழுது காட்டினார். இயற்கைக்கு அப்பால் ஒன்றுமில்லையெனின் எண்ணங்கள் யாவும் அறிவற்ற காரணங்களின் விளைவாகும். ஆகவே அக்கொள்கையும் நம்பத்தகாததாகும் என்பது லூயிஸின் வாதம். ஓர் எண்ணம் தோன்றுதற்குரிய காரணமும், அது மெய்யென்பதற்குரிய நியாயமும் வேறென்பதை லூயிஸ் பகுக்கவில்லை என்றார் அன்ஸ்கம். அவரோ நாத்திகரல்லர், உறுதியான கத்தோலிக்கர். தம் பக்கத்துக்குத் துணையான வாதம் என்பதற்காகப் பழுதான வாதத்தை அவர் விட்டுவைக்கவில்லை. லூயிஸும் 1960ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வதிகாரத்தைத் திருத்தி எழுதினார். ரசலும் கொப்பிள்ஸ்டனும் ஒருவரையொருவர் ஓரங்குலமேனும் அசைக்காதிருக்க, ஒரே விசுவாசத்தைச் சார்ந்தோரிடையே நிகழ்ந்த வாதமே ஒரு நூலை மாற்றியது.

எஞ்சியது ஒன்று. வானொலியில் வாதிக்கப்பட்ட கடவுள் லைப்னிற்ஸின் கடவுள். சிலுவையும் செபமும் மன்னிப்பும் அங்கே இடம்பெறவில்லை. சமய அனுபவம் பற்றிய பகுதியிற்கூட, அதனைக் கண்டிப்பான எண்பிப்பாகத் தாம் கொள்ளவில்லை என்று கொப்பிள்ஸ்டன் ஒதுங்கிக்கொண்டார். விசுவாசத்திற்கும் எண்பிப்பிற்கும் நிகழ்ந்த போர் என்று புகழப்படும் இவ்வாதத்தில் விசுவாசம் களத்திற்கே வரவில்லை. இயற்கையறிவால் கடவுளை அறியும் முயற்சியை 1934இல் 'இல்லை' என்னும் ஒரே சொல்லையே தலைப்பாக்கி மறுத்த கார்ல் பார்த் இதனைக் கேட்டிருப்பின், இருவரையும் ஒரு தட்டிலேயே வைத்திருப்பார்.

களத்திற்கு விசுவாசத்தை அழைத்தவர் அந்தனி புளூ என்னும் நாத்திகரே. மெதடிஸ்தப் போதகர் ஒருவரின் மகனாகிய அவர், 1950இல், எது நிகழ்ந்தால் உம் நம்பிக்கையைக் கைவிடுவீர் என்று விசுவாசியைக் கேட்டார். எது நிகழினும் கைவிடேன் எனின், நீர் கூறியது ஒன்றுமேயில்லை என்றார். பாசில் மிற்செல் அதற்கு ஒரு கதையால் விடையிறுத்தார். பகைவர் பிடித்த நாட்டில், எதிர்த்துப் போராடும் ஒருவன், ஓரிரவு அந்நியன் ஒருவனைச் சந்தித்து, தன் பக்கத்தவனே அவனென முழுமனத்தோடு நம்புகிறான். பின்னர் அவ்வந்நியன் சிலபோது உதவுகிறான்; சிலபோது பகைவரோடு சேர்ந்து போராளிகளைக் காட்டிக்கொடுக்கவுங் காணப்படுகிறான். நம்பியவன் அச்சான்றுகளின் கனத்தை உணர்கிறான், வருந்துகிறான், ஆயினும் அவ்விரவை மறக்கின்றானல்லன். சான்று அவனுக்கெதிரே நிற்பது அவனுக்குத் தெரியும் என்பதே இக்கதையின் உயிர். ஒரு பொருளின் உண்மையை ஏற்பதும், ஒருவன்மேல் வைத்த நம்பிக்கையைக் காத்தலும் வேறுவேறென்பதை ரசலும் கொப்பிள்ஸ்டனும் தொட்டாரிலர்.

புளூவின் பிற்கால வரலாறு இதனோடு இயைபுடையது. அரை நூற்றாண்டாக நாத்திகத்தின் அரணாக விளங்கிய அவர், 2004இல், உயிரணுவின் சிக்கலான அமைப்பு முதலியவற்றைக் காரணங்காட்டி, உலகிற்கு அறிவுடைய முதற்காரணம் ஒன்று உண்டென ஏற்றுக்கொண்டதாக அறிவித்தார். அது அரிஸ்டோட்டிலின் கடவுள் என்றார்; மறுமையை நம்பவில்லை என்றுங் கூறினார். கொப்பிள்ஸ்டன் நிறுத்திய இடத்தை ஏறக்குறைய எட்டிவிட்ட அவர், 2010இல் இறக்கும்வரை, எந்தத் திருச்சபையிலும் சேரவில்லை.