விருது பெற்ற என்ஜினும் எண்ணெயில் ஊறிய பெல்ட்டும்

2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டின் சிறந்த சர்வதேச என்ஜின் விருதைப் பெற்றது ஃபோர்டு நிறுவனத்தின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் என்ஜின். 2023 டிசம்பரில், இதே என்ஜின் பொருத்திய 1,39,730 கார்களை அமெரிக்காவில் ஃபோர்டு திரும்ப அழைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் அழுத்தம் போய், என்ஜின் இறுகி நின்றுவிடக்கூடும் என்பது காரணம். அழைக்கப்பட்டவை இரண்டு மாடல்கள்: 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ், 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட். அமெரிக்காவில் விற்ற அந்த ஈகோஸ்போர்ட்கள் சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் தயாராகிக் கப்பலேறியவை. இந்தியாவில் விற்ற ஈகோஸ்போர்ட்டிலும் 2013 முதல் இந்த என்ஜின் வந்தது. ஆகவே இது நம் சாலைகளிலும் ஓடும் வண்டியின் கதைதான்.

விருதும் பொய்யில்லை, பழுதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே என்ஜினில் எப்படிச் சேர்ந்தன என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 999 சிசி, மூன்று சிலிண்டர். சிலிண்டரின் விட்டம் 71.9 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மி.மீ. என்ஜின் பிளாக்கை ஓர் ஏ4 தாளின் மேல் நிறுத்திவிடலாம். இந்தியாவில் 2013-இல் ஈகோஸ்போர்ட் வந்தபோது அதே காரில் 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல் என்ஜினும் கிடைத்தது. அதன் திறன் 112 பிஎஸ், இழுவிசை 140 நியூட்டன் மீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே உள்ள ஈகோபூஸ்ட் 125 பிஎஸ்ஸும் 170 நியூட்டன் மீட்டரும் தந்தது. அந்த முழு இழுவிசையும் நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே வந்துவிடும் என்பது இன்னும் முக்கியம். மேம்பாலம் ஏறும்போதும், நான்கு பேரும் பெட்டி படுக்கையுமாக மலைப்பாதையில் போகும்போதும் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியிருக்காது.

இதைச் சாதித்த விதத்தில் நல்ல பொறியியல் இருக்கிறது. மூன்று சிலிண்டர் என்ஜின் இயல்பாகவே முன்னும் பின்னும் ஆடும். அதை அடக்க, தனியாகச் சுழலும் சமநிலைத் தண்டு ஒன்றைப் பொருத்துவது வழக்கம். அது எடை, உராய்வு இரண்டையும் கூட்டும். ஃபோர்டு பொறியாளர்கள் அதைத் தவிர்த்துவிட்டு, முன்பக்கப் புல்லியிலும் பின்பக்க ஃபிளைவீலிலும் வேண்டுமென்றே எடையை ஒருபக்கமாக வைத்து ஆட்டத்தைத் திசை திருப்பினார்கள். புகைவழிக் குழாயைத் தனியாக வைக்காமல் சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்து, அதைச் சுற்றிக் குளிர்நீரை ஓடவிட்டார்கள். வேகமாகப் போகும்போது சூட்டைத் தணிப்பதற்காகவே கூடுதல் பெட்ரோலைத் தெளிப்பது டர்போ என்ஜின்களின் பழைய வழக்கம். இந்த ஏற்பாட்டால் அந்த வீண்செலவு குறைந்தது. பிளாக்குக்கு அலுமினியத்தை விட்டு வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுத்தது சீக்கிரம் சூடேறட்டும் என்பதற்காக. நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை சுழலும் சின்னஞ்சிறு டர்போ, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர், இரு கேம் தண்டுகளுக்கும் தனித்தனியாக மாறும் வால்வு நேரம் என்று எதிலும் கஞ்சத்தனம் இல்லை.

இவ்வளவையும் செய்த கைகள்தான் இரண்டு சின்னப் பொருள்களில் சறுக்கின.

ஒன்று, ஒரு பிளாஸ்டிக் குழாய். கூலன்ட் சுற்றும் பாதையில் சேரும் காற்றை வெளியேற்ற, என்ஜினிலிருந்து கூலன்ட் டப்பாவுக்குப் போகும் மெல்லிய நைலான் குழாய் அது. தொடக்க காலக் கார்களில் இது சூடு பட்டு மொறுமொறுப்பாகி விரிசல் விட்டது. கூலன்ட் மெல்ல ஒழுகும், தரையில் குட்டையாகத் தேங்காது, சூட்டில் ஆவியாகிவிடும். அளவு குறைந்ததும் எச்சரிக்கும் சென்சார் எல்லாக் கார்களிலும் இல்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும்போது சிலிண்டர் ஹெட் ஏற்கெனவே கோணியிருக்கும் அல்லது விரிசல் விட்டிருக்கும். பிரிட்டனில் இந்தப் புகார் பெரிதாகி, குழாயை மாற்றித் தரும் ஏற்பாட்டை ஃபோர்டு செய்தது. சில நூறு ரூபாய்ப் பொருளால் ஒரு முழு என்ஜின் போனது. பெரிய, சோம்பலான என்ஜினாக இருந்தால் கொஞ்சம் கூலன்ட் குறைந்தும் வீடுவரை வந்து சேர்ந்திருக்கும். ஒரு லிட்டரில் 125 குதிரைகளைக் கட்டிய என்ஜினுக்கு அந்தத் தாராளம் கிடையாது. இந்த வகை என்ஜின்களின் உண்மையான பலவீனம் இதுதான் என்று நினைக்கிறேன். அவை பலமற்றவை அல்ல. சிறு தவறைப் பொறுத்துக்கொள்ளும் இடைவெளிதான் அவற்றில் இல்லை.

இரண்டாவது, டைமிங் பெல்ட். கிராங்க் தண்டின் சுழற்சியைக் கேம் தண்டுக்குக் கொண்டுபோய், வால்வுகள் சரியான நொடியில் திறந்து மூடச் செய்வது இதன் வேலை. பழைய கார்களில் ரப்பர் பெல்ட் என்ஜினுக்கு வெளியே உலர்ந்த உறைக்குள் ஓடும். அல்லது இரும்புச் செயின் உள்ளே எண்ணெயில் ஓடும். ஈகோபூஸ்ட்டில் ரப்பர் பெல்ட்டையே என்ஜின் ஆயிலுக்குள் ஓடவிட்டார்கள். செயினைவிடச் சத்தம் குறைவு, உராய்வு குறைவு, அதனால் எரிபொருளில் சிறு மிச்சம். ஆயில் பம்பை ஓட்டவும் அதேபோல் இன்னொரு குட்டி பெல்ட்.

ஆய்வுக்கூடத்தில் சுத்தமான, சரியான ஆயிலில் இது நன்றாகவே ஓடியிருக்கும். தெருவில் ஓடும் காரின் ஆயில் அப்படி இருப்பதில்லை. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து கடைக்குப் போய் வீடு திரும்பும் காரில் என்ஜின் முழுச்சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். நேரடித் தெளிப்பு என்ஜின்களில் இது கூடுதல். ஆயில் மாற்றும் நாள் தள்ளிப்போனால் அமிலம் சேரும். பெட்ரோலும் அமிலமும் கலந்த அந்தக் கரைசலில்தான் ரப்பர் இரவுபகலாக ஊறிக்கிடக்கிறது. முதலில் உப்பும், பிறகு ஓரம் பிசிறும், கடைசியில் பல் உதிரும்.

பெல்ட் அறுந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அறுவதற்கு முன்பே கேடு தொடங்கிவிடுகிறது. இப்படிப் போன என்ஜினின் ஆயில் சம்ப்பைக் கழற்றினால் அடியில் கறுப்பு வண்டல் படிந்திருக்கும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை உண்டு. அதன் கண்களில் ரப்பர்த் துணுக்கும் நூல் பிசிறும் அப்பிக்கொண்டு பாதி வாயை அடைத்திருக்கும். பம்ப் நன்றாக இருந்தும் பயனில்லை. இழுக்க ஆயில் வராது. முதலில் பட்டினி கிடப்பது டர்போவின் தண்டு, அடுத்து கிராங்க் பேரிங்குகள். ஆயில் விளக்கு எரிவதைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டுவதற்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் கார்களைத் திரும்ப அழைக்க வைத்தது ஆயில் பம்பின் அந்தக் குட்டி பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும்தான். ஒன்றில் பல் உதிரலாம், மற்றதன் கை முறியலாம். என்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் போய்விடும், மிதி கல்லாகும். பழுது இங்கே விபத்தாகவும் மாறக்கூடும்.

டர்போ என்ற எண்ணத்தின் மேல் எனக்குக் குறையில்லை. ஹூண்டாயின் 1.0 லிட்டர் டர்போவும் மாருதியின் 1.0 பூஸ்டர்ஜெட்டும் இதே அளவு என்ஜின்கள்தான், அவற்றில் செயின். ஃபோர்டே பின்னாளில் ஐரோப்பாவில் புதுப்பித்த ஈகோபூஸ்ட்டில் டைமிங் பெல்ட்டை எடுத்துவிட்டுச் செயினைப் போட்டது. ஆனால் ஆயில் பம்புக்குப் பெல்ட்டையே வைத்துக்கொண்டது. பாடத்தில் பாதியைப் படித்ததாகத்தான் அதைச் சொல்ல முடியும். பியூஜியோ, சிட்ரோயன் கார்களின் 1.2 பியூர்டெக் என்ஜினும் ஐரோப்பாவில் இதே ஊறிய பெல்ட்டால் பெயர் கெட்டு, புதிய ஹைபிரிட் வடிவத்தில் செயினுக்கு மாறியது. இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒரே வழியில் போய், ஒரே இடத்திலிருந்து திரும்பியிருக்கின்றன.

என் முதன்மைக் குற்றச்சாட்டு பெல்ட்டின் மேல்கூட இல்லை. அதற்குக் குறித்த ஆயுளின் மேல். பிரிட்டனில் பத்து ஆண்டு அல்லது 1,50,000 மைல், அதாவது ஏறக்குறைய 2,40,000 கி.மீ. வரை மாற்ற வேண்டாம் என்றார்கள். பெரும்பாலான கார்கள் அந்தத் தூரத்தைத் தொடுவதே இல்லை. 'மாற்றவே வேண்டாம்' என்றுதான் அது வாங்குபவர் காதில் விழும். உறையைக் கழற்றாமல் பெல்ட்டைப் பார்க்கவும் முடியாது. மாற்றும் வேலையும் எளிதல்ல. கிராங்க் புல்லியை நிலைநிறுத்த ஆப்பு கிடையாது, இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. உரிய கருவிகளைப் போட்டுப் பூட்டாமல் அந்த போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் மாறி, வால்வும் பிஸ்டனும் மோதும். பார்க்க முடியாத, எளிதில் மாற்ற முடியாத ரப்பருக்கு இரும்பின் ஆயுளைக் குறித்தது அளவுக்கு மீறிய நம்பிக்கை. அதற்கு விலை கொடுத்தவர் முதல் உரிமையாளர் அல்லர். ஏழெட்டு ஆண்டு கழித்து வாங்கிய இரண்டாவது, மூன்றாவது ஆள்.

இதில் சட்டத்துக்கும் பங்குண்டு. ஐரோப்பாவில் கரியமில வாயு வரம்பு, இந்தியாவில் வரி. நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருந்தால் பெட்ரோல் காருக்கு இப்போது ஜிஎஸ்டி 18 விழுக்காடு, தாண்டினால் 40. சோதனைச்சாலையில் கிராம் கணக்கில் மிச்சம் பிடிப்பவருக்குப் பரிசு கிடைக்கிறது. பத்தாம் ஆண்டில் அந்த என்ஜின் எப்படி இருக்கிறது என்று எந்த விதியும் கேட்பதில்லை. விருதுக் குழுவும் புது என்ஜினைத்தான் ஓட்டிப் பார்க்கிறது. அளக்காத ஒன்றில் கவனம் குறைவது வியப்பில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். உரிய தர ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றிய பல ஈகோபூஸ்ட்கள் தொல்லையின்றி ஓடுகின்றன. ஓட்டும் சுகத்தில் அந்த விலையில் அதற்கு நிகர் அன்று இல்லை. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் ஃபோர்டு அறிவித்த பிறகு, நம் ஊரில் இந்த வண்டிகள் கைமாறிக்கொண்டேயிருக்கின்றன. கடைசிக் காலத்து ஃபிகோ, ஃப்ரீஸ்டைல், ஈகோஸ்போர்ட்டுகளில் வந்த டர்போ இல்லாத டிராகன் பெட்ரோல் என்ஜினிலும் பெல்ட் ஆயிலுக்குள்தான் ஓடுகிறது என்பதை அவற்றை வைத்திருப்போரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஈகோபூஸ்ட் வைத்திருப்பவர்கள் 10,000 கி.மீ. வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். கையேடு சொல்லும் 5டபிள்யூ-20 ஆயில்தான். கடைக்காரர் எடுத்துத் தரும் ஏதோ ஒன்று வேண்டாம். வாரம் ஒருமுறை, என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். பெல்ட்டுக்குப் பத்தாண்டு வரை காத்திருக்காமல், இந்த வேலைக்கான கருவி வைத்திருக்கும் இடத்தில் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன் ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். பில் இல்லையென்றால், வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.